புண்ணுக்கு விஸ்கி

...திங்கட்கிழமை வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க என்று போனில் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாளே, அது எதற்கு, நல்ல சேதி என்றால் ஒருத்தன் தனியாக வந்து கேட்டுக்கொள்ள மாட்டானா, என்று நினைத்துக்கொண்டே வெர்லின் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றிப்போகும் ஆள்வண்டியில் படுக்கிற மாதிரி சாய்ந்தான். கூரை அவ்வளவு தாழ்வு, நிமிர்ந்தால் தலைக்கவசம் பாறையில் இடிக்கும். வண்டி கடகடவென்று மலைக்குள் இறங்கியது, கரி வெட்டும் இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கிறது, நினைப்பதற்கு அதுவே அதிகம்... நாக்கு தானாகப் போய்க் கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் தடவியது, தையல் முள்ளாகக் குத்தியது, அங்கேதான் ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சும்மா கிட, என்று நாக்கை அதட்டினான். கேட்டால்தானே.

சிகரெட்டா பிடித்தான் அவன்? ஒன்றுகூட இல்லை, மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கத்துக்குள் எவன் தீக்குச்சி கொண்டுவருவான், உள்ளே வாயு, ஒரு பொறி போதும், கூண்டோடு கைலாசம். அதனால்தான் எல்லார் பையிலும் புகையிலை டப்பா, ஒரு சிட்டிகை எடுத்து உதட்டுக்குள் அதக்கிக்கொண்டால் ஷிஃப்ட் ஓடிவிடும், புகைதானே ஆளைக் கொல்லும், இதில் புகை ஏது... அப்படித்தான் நம்பினான். டாக்டரம்மா ப்ரூயிட் கேட்டாள், குடிப்பீங்களா? எல்லாரும் போலத்தான் என்றான், அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தான், புண் வந்ததிலிருந்து வேலை முடிந்ததும் விஸ்கி ஊற்றிக் கொப்பளிக்கிறேன், கிருமி சாகட்டும்னு, நல்ல சரக்கைத் துப்பவா முடியும், அப்படியே முழுங்கிடுவேன். அவள் சிரிக்கவில்லை. “விஸ்கி புண்ணை ஆத்தாதுங்க. வாய்த்தோலை இளக்கிவிட்டுடும், புகையிலை விஷம் சுலபமா உள்ள இறங்கும். தனித்தனியாவே ரெண்டும் கெடுதல்தான். சேர்ந்தா பல மடங்கு.” வலிக்குதா என்று கேட்டாள். இப்போ இல்லை என்றான். நல்லாகிவிட்டது என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தான், அவளோ, வலி நின்னா நல்லதுன்னு அர்த்தமில்லைங்க என்று கையுறையை மாட்டினாள்.

மடையன், திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடித்திருக்கிறான். மனைவி லொரேனாவிடம் பல் பிடுங்கினதாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறான், அவளிடம் எந்த வாயால் சொல்லுவான்... தாடையை எடுப்பார்களோ? அப்பாவின் சித்தப்பாவுக்கு எடுத்தார்கள், சர்ச்சில் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாட்டு வரும்போதுகூட எடுக்கமாட்டார். பயமாக இருந்தது.

“என்னடா, உதடு காலியா இருக்கு?” பக்கத்தில் சாய்ந்து கிடந்த க்லெல் தன் புகையிலை டப்பாவை நீட்டினான், பல வருஷமாகச் சேர்ந்து வெட்டுகிறவன். “திருந்திட்டியா, இல்ல பொண்டாட்டி பிடுங்கி வச்சுக்கிட்டாளா?”

“பல்லு பிடுங்கியிருக்கு.”

“அதுக்கும் உன் வைத்தியமே போதுமே. நானே இப்ப அதைத்தான் பண்றேன்.”

“எதை?”

“விஸ்கிக் கொப்பளிப்புதான். நீதானே ஊருக்கெல்லாம் சொன்ன. நாக்குக்கடியில ஒரு புண்ணு வந்துச்சு. மொதல்ல எரிச்சல்ல உயிரே போச்சு. இப்ப வலியே இல்லப்பா. கைராசிக்காரன்டா நீ.”

வலியே இல்லையாம். சொல்லிவிடலாமா, சொன்னால் தன்னுடையதையும் சொல்ல வேண்டிவரும், வண்டியில் இருக்கிற எல்லார் காதிலும் விழும், சாயங்காலத்துக்குள் லொரேனாவுக்கும் போய்விடும்... சொல்லாவிட்டால்? இவன் இன்றைக்கும் போய்க் கொப்பளிப்பான். உள்ளே இறங்கினால் அடுத்தவன் முகத்தில் தலைவிளக்கை அடிக்கக் கூடாது, கண் கூசிவிடும், முதல் நாளே திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிற பழக்கம் அது. வெர்லின் திரும்பி நேராக க்லெல்லின் முகத்தில் விளக்கை அடித்தான்.

“கண்ணு அவிஞ்சு போச்சுடா, எருமை.”

“வாயைத் திற. நாக்கைத் தூக்கு.”

க்லெல் ஏதோ விளையாட்டு என்று திறந்தான். அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. பார்த்த உடனே வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது, அது என்னவென்று, சோதனையும் வேண்டாம் போனும் வேண்டாம். தன்னுடையதை மட்டும் இன்னும் புண் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“என்னடா தெரியுது?” தூக்கின நாக்கோடு க்லெல் குழறினான்.