உவர்த் தண்ணீரும் ஒரு சிவப்பும்

1956இல் மருதமுனையில் எங்கள் நெசவுக்கூடத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் கனகசபாபதி, கொழும்பு அரசாங்கக் கந்தோர் ஆள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தொழிலிலும் வருடத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அரிசி ஆலையில் ஒன்றுமில்லை என்றார்களாம். தோணி கட்டுகிற இடத்தில் சிரித்தார்களாம்.

என் கூட்டாளி பக்கீர் மச்சான், என்னை விதவையாக்கிவிட்டு மௌத்தாகிப்போன என் புருஷனின் தமையன். "எங்களுக்கிட்டயும் ஒண்டுமில்ல ஐயா" என்றார் அவரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவினாலும் கரையாத ஒரு சிவப்புக்காக வருடக்கணக்கில் என் கை இரண்டும் வெந்துபோய்க் கிடக்கின்றன. நாளைக்குச் சாயத்தொட்டியை உடைத்துவிட வேண்டும் என்று அன்று காலையில்தான் இந்த மனுஷன் சொல்லியிருந்தார். இப்போது அப்படி ஒரு வேலையே நடக்கவில்லையாம்.

"ஏன் மச்சான் ஒளிக்கிறீங்க?"

"அது நட்டம் புள்ள. நட்டத்தப் போய் ஆராவது கதைப்பாங்களா? ஐயா, இவ தண்ணிக்குக் காசு குடுத்தவ. வரிப்பத்தான்சேனையில இருந்து மாட்டு வண்டியில தண்ணி இறக்கினவ."

"நம்மட கிணத்துத் தண்ணி உவர். அதாலதான் சாயம் நிக்கல்ல எண்டு எனக்குச் சந்தேகம். செஞ்சு பாக்காம எப்படித் தெரியும்?"

கனகசபாபதி பேனையைத் திறந்தார். "தெரிஞ்சுகொள்ளுறதுக்குச் செலவழிச்சா, சரிவந்தாலும் வராட்டியும் அது இந்தக் கணக்குக்குள்ளதான் அம்மா. வண்டிக்கூலி எவ்வளவு?"

சொன்னேன். கெட்டுப்போன துணியையும் கேட்டார். உள்ளே கூட்டிப்போனேன். திரைச்சீலை, தலையணை உறை, தொட்டில்சீலை, எல்லாம் சாயம் இறங்கியவை. ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொண்டார். மச்சான் உடுத்திருந்த சாரனும் அந்த வகைதான். அதையும் விடாமல் அளக்கச் சொன்னேன்.

"எல்லாம் சரி, சாயம் நிண்டதா?" என்று சீறினார் மச்சான்.

வண்டித் தண்ணீரில் சாயமிட்ட துணி சாயம் இறங்குகிறதா என்று பார்க்க விடியலிலிருந்து வெறும் தண்ணீர் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பிஸ்மி சொல்லித் தூக்கினேன். வாளியின் அடி தெரிந்தது. தண்ணீரில் சிவப்பே இல்லை. மச்சான் நம்பவில்லை. தான் முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியைத் துணியோடு சேர்த்து முறுக்கிப் பிழிந்தார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் அடக்க வேண்டும்?

மச்சான் லேஞ்சியை உதறித் தோளில் போட்டார். பிறகு கனகசபாபதியிடம் திரும்பினார்.

"ஒண்டுமில்ல எண்டு நான் சொன்னத வெட்டுங்க ஐயா. வார வருசத்துக்கும் சேத்து எழுதுங்க."

"வார வருசத்த வார வருசம்தான் எழுதலாம்."

"அப்ப கட்டாயம் வாங்க" என்றார் மச்சான். அன்று பின்னேரமே இரண்டாவது தொட்டிக்குக் கல் வந்து இறங்கியது.