சந்தோஷமான நாளில் விழுந்த அப்பா

ஆங்கில விடைத்தாள் திருத்தும் கூடத்தில் டீ வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, தனக்குத் திருத்த வந்த தாள் கட்டில் சிக்கிய மோசமான கட்டுரையை உரக்கப் படிப்பார். கேள்வியையே திரும்பத் திரும்ப எழுதிப் பக்கத்தை ரொப்பியவன், கடிதம் கேட்டால் கதை எழுதியவள், எல்லாரும் அந்த டீயோடு காலியாவார்கள். அன்று கண்ணாடி வாத்தியார் எழுந்தார். அவருக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான்.

கேள்வி, உங்கள் குடும்பத்தின் ஒரு சந்தோஷமான நாளைப் பற்றி எழுதுக என்பது. பதில் இப்படித் தொடங்கியது: இதுதான் எங்கள் குடும்பத்தின் சந்தோஷமான நாள். அன்று என் அப்பா லாரியிலிருந்து விழுந்தார்.

கூடம் குலுங்கியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் டீ கிளாசைக் கீழே வைத்தாள். அது அவளுடைய கட்டுரை.

சாயங்காலங்களில் வீட்டு முன்னறையில் ட்யூஷன் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிச் சொல்லி எழுதவைத்தது. நான் கண்ட ஒரு விபத்து என்று தலைப்பு. விபத்து நிச்சயம் வரும், மனப்பாடம் பண்ணிவிடுங்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தாள். பரீட்சையில் விபத்து வரவில்லை, சந்தோஷம் வந்துவிட்டது. பிள்ளைகள் முதல் வரியில் சந்தோஷத்தை ஒட்டிவிட்டு, மற்றதை அப்படியே இறக்கிவிட்டார்கள்.

விழுந்தது அவளுடைய அப்பா. சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர். கால் வைத்த பலகை வழுக்கி, ஆள் கீழே, மூட்டை இடுப்பின்மேல். எழ முடியாமல் கிடந்தபடி அவர் முதலில் கேட்டது, மூட்டை கிழிந்துவிட்டதா என்று. கிழிந்தால் கூலியில் பிடிப்பார்கள். உள்ளது உள்ளபடி இருந்தால் மார்க் விழும் என்று அந்த வரியையும் அவள் விடாமல் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கண்ணாடி வாத்தியார் அந்த வரிக்கு வந்தபோதுதான் சிரிப்பு அதிகமாக இருந்தது. அவளும் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

முன் வரிசையிலிருந்து ஒருவர், "என் கட்டுலயும் ஒரு அப்பா விழுந்து கிடக்காருப்பா" என்றார்.

"அதே லாரியா?"

"லாரி ஒண்ணுதான். அப்பனுங்கதான் நிறைய."

பிறகு ஆளாளுக்குத் தாளைப் புரட்டித் தங்கள் கட்டிலும் தேட ஆரம்பித்தார்கள். திருத்துகிறவர்களுக்குத் தலைவரான சீஃப் வந்து நாலைந்து தாள்களை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. இது காப்பி, பரீட்சை அறையிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள், இத்தனை பேர் ரிசல்ட்டையும் நிறுத்திவைக்க எழுதப்போகிறேன் என்றார்.

ரிசல்ட் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இன்னொரு வருஷம் என்று ஒன்று கிடையாது. பெயிலானால் செங்கல் அறுக்க வா என்று ஒருத்தியின் அம்மா அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறாள். ஆனால் ட்யூஷன் எடுக்கிறவர்கள் தாள் திருத்த வரக்கூடாது. எடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது.

"காப்பி இல்ல சார். மனப்பாடம். நான் சொல்லிக்குடுத்தது."

சீஃப் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ட்யூஷனா என்று மட்டும் கேட்டார். அவள் தலையசைத்தாள். மற்றவர்கள் டீ கிளாசுக்குள் எதையோ தேடினார்கள். ரிசல்ட்டை நிறுத்த வேண்டாம், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சைபர் போடுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். அவளிடம், இன்றைக்குக் கட்டை முடித்துக்கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள், நாளைக்கு வர வேண்டாம் என்றார். நகரப் போனவர் நின்றார்.

"அந்த லாரி விஷயம் நிஜமா நடந்ததா டீச்சர்?"

"இல்ல சார். சும்மா கற்பனை."

யோசிக்காமல் வந்துவிட்டது. கண்ணாடி வாத்தியார் மூச்சு விட்டார். சிரித்துத் தொலைத்துவிட்டோமே என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது, நல்லவேளை என்றார்.

அவள் உட்கார்ந்தாள். வேலை போகிற விஷயத்தை ஒத்துக்கொள்ள வாய் இருந்தது. பெற்ற அப்பாவை ஒத்துக்கொள்ள இல்லை.

அடுத்த தாளை எடுத்தாள். சாய்ந்த கையெழுத்து. அதே லாரி, அதே பலகை. சைபர் போடப் பேனாவை வைத்தவள் பாதியில் நின்றாள். பலகை வழுக்கியது, கூட இருந்த ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. அப்பா விழவில்லை. சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தார். அதனால் எங்களுக்குச் சந்தோஷம்.

யாரோ ஒரு பிள்ளை கேள்வியைப் படித்திருக்கிறது.

பக்கத்து மேஜையிலிருந்து கண்ணாடி வாத்தியார் எட்டிப் பார்த்து, சமாதானமாகப் பேசுகிற குரலில் கேட்டார்.

"அதுலயும் விழுந்துட்டாரா?"

"இதுல விழல" என்றாள். தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விழுந்தது எங்கப்பா சார். சீஃப் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவருக்கும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்ணாடி வாத்தியார்தான் கேட்டார்.

"இப்ப எப்படி இருக்கார்?"

"அன்னையிலேருந்து உக்காந்தேதான் இருக்கார்."

அந்தத் தாளுக்கு முழு மார்க் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதில் அப்பா விழுந்திருந்தார். சைபர் போட்டாள்.