எண்பது என்று எழுதியிருந்த வளைவு

மலைச்சாலையைத் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வழிநெடுக எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வரையப்பட்ட சாலை. ஒரே ஒரு வளைவில் மட்டும், பாறையை வெட்டினால் மேலே உள்ள சரிவு இறங்கிவிடும் என்று பயந்து, வரைபடத்தில் இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அங்கேயும் எண்பது என்றே பலகை நின்றது. எந்த வேகம் தாங்கும் என்று ஓட்டிப் பார்க்க, சாலைத் துறைப் பொறியாளரான என்னை அனுப்பினார்கள்.

வண்டியை ஓட்டியவர் டெல்ஃபின். முன்கண்ணாடிக்குக் கீழே வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். அதற்குள் ஓர் இரும்புக் குண்டு. வண்டி திரும்பும்போது குண்டு பக்கவாட்டில் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் அதுதான் எல்லை.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பதில் குண்டு கோட்டுக்கு இப்பாலேயே நின்றது. ஐம்பதில் கோட்டைத் தாண்டியது. பின்சக்கரம் வழுக்கி, என் தோள் கதவில் இடித்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் வெறும் மேகம். வளைவுக்கு மேலே ஓரமாக வண்டியை நிறுத்தினோம்.

"இன்னொரு தடவ போகணுமா லிகாயா மேடம்? அப்படின்னா எம் பொண்டாட்டிக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க" என்றார் டெல்ஃபின். சிரிக்கப் பார்த்தார்.

"வேணாம்ண்ணே. ஐம்பதே தாங்கல. எண்பதுல ஒருத்தன் வந்தா..."

மேலே ஹாரன் கேட்டது. பேருந்து. இறக்கத்தில் அது வரும் வேகம் சத்தத்திலேயே தெரிந்தது.

கதவைத் திறந்து மேல்நோக்கி ஓடினேன். மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் வீசினேன். பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் என் நெஞ்சுக்கு நேராக வந்தன. பிரேக் அலறியது. பேருந்தின் பின்பகுதி சறுக்கித் தடுப்பில் உரசி, நின்றது. உள்ளே குழந்தைகள் வீரிட்டன. யாரோ மாதாவைக் கூப்பிட்டு அழுதார்கள்.

பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார். "சாகணும்னா வேற பஸ்ஸப் பாத்துக்கம்மா!"

"மெதுவாப் போங்க. இந்த வளைவு எண்பது தாங்காது."

"அப்புறம் எந்தப் பைத்தியம் அந்த போர்ட நட்டுச்சு?"

என் சட்டையில் இருந்த துறை முத்திரையை அவர் பார்த்துவிட்டார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதல் கியரில் ஊர்ந்து வளைவைக் கடந்தார்.

மேலதிகாரிக்கு போன் செய்தேன்.

"திங்கக்கிழம பாத்துக்கலாம்மா. இப்ப மாத்துனா நாம தப்புப் பண்ணுனதா ஆயிரும்."

"அப்ப நீங்க வாங்க சார். எண்பதுல ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன போடணும்?" என்றார்.

"நாற்பது. இன்னைக்கே."

டெல்ஃபின் எண்பதின் மேல் சேற்றை அப்பி மறைத்தார். புதிய பலகை வரும்வரை ஆளுக்கொரு பக்கம் நின்று வண்டிகளை மெதுவாக்கினோம். இருட்டுவதற்குள் பலகை வந்தது.

திரும்பும்போது எங்கள் வண்டியில் ஏற எனக்கு மனம் வரவில்லை. பாறையை ஒட்டியே நடந்து வளைவைக் கடந்தேன். டெல்ஃபின் விளக்குகளை மின்னவிட்டபடி பின்னாலேயே மெதுவாக வந்தார்.