மரங்கொத்தி மார்க்

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற தெருவில் கோவிந்தராஜின் கடைப் பலகை கொஞ்சம் பெரியது. ‘எங்கள் சொந்த எஸ்டேட் காபித்தூள்’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். கோவிந்தராஜுக்குச் சொந்தமாக இருந்த செடிகள் மொத்தம் மூன்று: ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, மனைவி லட்சுமி வளர்க்கும் ஒரு ரோஜா. அதிலும் கறிவேப்பிலைக்கு உடம்பு சரியில்லை.

தூள் சேலத்திலிருந்து பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வரும். ஐந்து கிலோ சிவப்புப் பை. பை மேல் ஒரு மரங்கொத்திப் படம். கீழே ‘மரங்கொத்தி மார்க், சேலம்’. பின்னறையில் பழுப்புக் காகிதப் பைக்கு மாறியதும் அது எஸ்டேட் காபியாகிவிடும். ஆறு வருடமாக இந்த ரகசியம் தெரிந்தது தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு மட்டும்தான். காபிச் சக்கை, வாழையிலை, பஜ்ஜி மடித்த காகிதம் எல்லாவற்றுக்கும் அடியில் மரங்கொத்திகள் மானத்தோடு புதைந்து கிடந்தன.

அந்தத் தொட்டியைத்தான் போன மாதம் தூக்கிவிட்டார்கள். இனிமேல் காலையில் வாசலுக்கே பேட்டரி வண்டி வருமாம். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. முடிச்சுப் போட்ட பையை வாங்கமாட்டார்கள், திறந்து காட்ட வேண்டும்.

“தொறந்து காட்டோணுமா?” என்று கடைக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து கத்தியவர் கோவிந்தராஜ்தான். “ஏனுங்க, வர்ற டூரிஸ்ட்டு காப்பி குடிப்பானா, நம்ம குப்பையைப் பாப்பானா? மானம் மருவாதி இல்லீங்களா நமக்கு?”

கைதட்டல் பலமாக இருந்தது. எதிர்க்கடை செங்கோடன் எழுந்து நின்றே தட்டினார். ‘மூன்று தலைமுறை எஸ்டேட்’ என்று பலகை வைத்திருப்பவர். நிஜமான எஸ்டேட்காரர் முன்னால் கோவிந்தராஜ் ஆறு வருடமாகக் கொஞ்சம் கூனியே நடந்துகொண்டிருந்தார். அவரே தட்டியதில் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. பழைய தொட்டியே வேண்டும் என்று மனு தயாரானது. தெருவிலிருந்த பதினேழு காபித்தூள் கடையும் கையெழுத்துப் போட்டது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுப்பது என்றும், முன்னால் நின்று கொடுப்பவர் கோவிந்தராஜ் என்றும் முடிவாயிற்று.

அதற்குள் பின்னறையில் காலிப் பைகள் பெருகிவிட்டன. எரிக்கப் பார்த்தார். லட்சுமி இருமிக்கொண்டே வந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். பாதி நெருப்பின் மேல், பாதி அவர் மேல். பைகளை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பார்த்தார். மரங்கொத்தி இந்தப் பக்கம் பார்ப்பதை விட்டு அந்தப் பக்கம் பார்த்தது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் பின்னறையைப் பூட்டினார். பூட்டியதை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, ஊர்ல நகையைத்தான் பூட்டி வெப்பாங்க. நீங்க குப்பைக்குப் பூட்டுப் போடறீங்க,” என்றாள் லட்சுமி.

புதன்கிழமை விடியலில், பனி விலகும் முன், எல்லாப் பையையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கிளம்பினார். நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்து ஓரமாக நிறுத்தி மூட்டையில் கை வைத்ததுதான் தாமதம், பனிக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் முளைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள்.

“ஏனுங்க காப்பிக்கடைக்காரரே, காலங்காத்தால மூட்டையோட? ஊட்டுல முடுக்கி உட்டுட்டாங்களா?”

“எரு... எருவுங்க.”

“ஓ, சொந்த எஸ்டேட்டுக்குங்களா? அது எந்தப் பக்கம் இருக்குதுங்க? நாங்களும் இத்தன வருசமாத் தேடறோம்!”

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் இரண்டு வளைவு தாண்டியிருந்தார்.

வெள்ளக்கடைப் பாதையில் காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றது. அது பார்த்தது. இவர் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவரை யாரும் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. மெதுவாக வண்டியைத் திருப்பினார். கடைசியில் செம்மநத்தம் போகிற குறுகலான பாதையில், ஒரு வளைவில், மூட்டையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். அன்று தூள் வாங்கியவர்களுக்கெல்லாம் ஏலக்காய் இரண்டு இனாம்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் பேட்டரி வண்டி பாட்டோடு வந்து நின்றது. வண்டி ஓட்டுகிறவள் அமுதா. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்த நாகலூர்க்காரி. கையில் கிழிந்த மூட்டை.

“ஏனுங்கண்ணா, இது உங்களுதுங்களா?”

“இல்லியே அம்மிணி.” வாய் தானாகச் சொன்னது.

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். சேலத்துக் கடை பில். அவர் பெயர், கடைப் பெயர், போன் நம்பர்வரை இருந்தது. மூட்டை கட்டியவனின் புத்திசாலித்தனத்தை எண்ணி கோவிந்தராஜ் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

“செம்மநத்தத்துப் பால்காரரு கொண்டாந்து குடுத்தாருங்க. ஒரு காட்டெருமை மூட்டையைக் கிழிச்சுப் பையை மென்னுட்டு நின்னுச்சாம். சத்தம் போட்டு முடுக்கறதுக்குள்ள ஒரு பையை முழுங்கிருச்சாம்.”

கோவிந்தராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். நேற்றுப் பார்த்த அந்தக் கண்கள் எதிரில் வந்து நின்றன. அதே மாடாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதேதான் என்று தோன்றியது.

“செத்துருமா அம்மிணி?”

“தெரியலீங்கண்ணா. நடந்துதான் போச்சுன்னாரு.”

கோவிந்தராஜ் பில்லை வாங்கி நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“ஆபீசுல சொல்லிட்டியா?”

“பில்லு உங்க கையிலதான இருக்குது? நான் எதைக் காட்டிச் சொல்றதுங்க?”

“இந்தப் பை விசயம் மட்டும் தெருவுல யாருக்கும்...”

“சத்தியம் பண்ணோணுங்களா?” அமுதா சலிப்போடு வலது கையை நீட்டினாள். “பண்ணிப் பண்ணிக் கையே தேஞ்சு போச்சுங்க.”

“வேற யாருக்குப் பண்ணுன?”

“அதைச் சொல்லிட்டா அப்பறம் அது என்ன சத்தியமுங்க?”

வண்டியின் நீலப் பெட்டியைத் திறந்து அவர் மூட்டையை உள்ளே கொட்டினாள். கோவிந்தராஜ் எட்டிப் பார்த்தார். உள்ளே ஏற்கெனவே ஒரே சிவப்பு. மரங்கொத்தி மேல் மரங்கொத்தி, கழுவித் துடைத்து மடித்தது, சுருட்டியது, படத்தை மட்டும் கத்தரித்தது, உள்பக்கம் திருப்பியதுகூட. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

“யாருதுன்னு கேக்காதீங்க,” என்றாள் அமுதா. “இன்னிக்கு இந்தத் தெருவுது மட்டுந்தான் ஏத்தியிருக்கேன். வாசல்ல குடுக்கக் கூச்சம், விடியறதுக்குள்ள வண்டி நிக்கற எடத்துக்கே கொண்டாந்துடறாங்க. நொம்ப நல்லவங்க.”

கோவிந்தராஜ் தெருவை ஒரு முறை பார்த்தார். பதினேழு பலகைகள். பதினேழு சொந்த எஸ்டேட்கள். அத்தனைக்கும் நிலம் வேண்டுமானால் சேர்வராயன் மலை இன்னொன்று வேண்டும். முதலில் நிம்மதி வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது: ஆறு வருடம் கூனியது வீண்.

பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். செங்கோடன் வெள்ளைச் சட்டையில், மனுவை ஃபைலில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

“வாங்க, கெளம்பலாங்களா?”

கோவிந்தராஜ் பையை அவர் மேசைமேல் விரித்து வைத்தார், படம் மேலே தெரிய.

“என்னங்க இது?”

“என்னுதுங்க. ஆறு வருசமா இதேதான். இதை ஒளிக்கத்தான் அன்னிக்குக் கூட்டத்துல அந்தக் கத்துக் கத்துனேன். நேத்து ஒரு மாடு இதைத் தின்னுருச்சு. இனி என்னால முடியாதுங்க.”

செங்கோடன் பையைப் பார்த்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்குக் கிலோ என்ன வெலைக்குப் போடறான்?”

கோவிந்தராஜ் சொன்னார். செங்கோடனின் முகம் சிவந்தது.

“எங்கிட்டப் பத்து ரூவா சேத்தி வாங்கறானுங்க, திருட்டுப் பய!”

மனு ஃபைல் மேசையிலேயே கிடந்தது. பதினோரு மணி ஆனபோது இருவரும் சேலத்துக்கு மாற்றி மாற்றிப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாள் கோவிந்தராஜின் பலகையை வாய்விட்டுப் படித்தாள். அவர் வேகமாகத் தெருவைக் கடந்து வந்தார். வாசலில் நீல வாளி திறந்திருந்தது. அமுதா போகும்போது சும்மா போகவில்லை. ஒரு மரங்கொத்தியை அதில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“இது உங்க சொந்த எஸ்டேட்டுதா?”

எதிர்க்கடையில் செங்கோடன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோவிந்தராஜ் தொண்டையைச் செருமினார். துண்டை உதறினார். இல்லாத ஈயை ஓட்டினார்.

“சேலத்துத் தூளுங்க,” என்றார். “ஆனா காப்பி நல்லாப் போடுவேன். குடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. உக்காருங்க.”