ஏழு மணிக்குள் மூன்று வாக்கியம்

சூலூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எட்டு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் கம்பெனிப் பெண்கள், கடையில் நிற்கிறவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் வருகிற மருமகள்கள். இவர்களிடம் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று ஆரம்பித்தால் மறுநாள் பாதிப்பேரைக் காணமுடியாது. அதனால் நான் புத்தகத்தைத் தொடுவதில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குள் வாட்ஸப் குழுவில் ஆளுக்கு மூன்று வாக்கியம் பேசி அனுப்ப வேண்டும். நேற்று செய்தது ஒன்று, இப்போது செய்துகொண்டிருப்பது ஒன்று, நாளை செய்யப்போவது ஒன்று. ஆறு மாதத்தில் காலம் மூன்றும் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். தொடர்ந்து மூன்று நாள் அனுப்பாதவர்களைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவேன். கெஞ்சினாலும் கேட்கமாட்டேன். புவனா மிஸ் ரொம்பக் கறார் என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இளவேனில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். இருபத்து மூன்று வயது. இங்கிலீஷ் பேச வந்தால் ஆபீஸ் வேலைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தாராம். அவளுக்கு நேற்று மட்டும் வரவே வராது. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பாள். நான் குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி திருத்துவேன். மறுநாளும் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றுதான் வரும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மார்ச் மாதம் ஷிப்மெண்ட் நெருக்கடியில் அவள் இரண்டு நாள் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழுவில் நான் எழுதினேன்: ‘இளவேனில், இன்றும் வராவிட்டால் வெளியே.’ பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு ஐம்பதுக்குப் பல்லடம் ரோட்டில் அவள் ஸ்கூட்டியைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்தேன். ஆறு ஐம்பது என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். சாகும்போது அவள் எனக்குத்தான் பேசிக்கொண்டிருந்தாளா? யாரிடமும் இதை நான் கேட்கவில்லை. அவள் எண்ணைக் குழுவிலிருந்து எடுக்கவும் கை வரவில்லை.

பதினேழாம் நாள், ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவளிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது.

அவள் குரல்தான். நேற்று கோயிலுக்குப் போகிறாள். இப்போது சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறாள். நாளை புதுச் செருப்பு வாங்கப்போகிறாள். எண்ணை மறுபடி மறுபடி பார்த்தேன், அவளுடையதுதான். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நாளை தலைக்குக் குளிப்பேன், நாளை பஸ்ஸில் போவேன், நாளை மேனேஜரைப் பார்ப்பேன். குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. பயந்துபோய் நான்கு பேர் தாங்களே வெளியேறினார்கள். ஒரு நாள் ஆறரைக்கே போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு எடுத்தால் உள்ளே அவள் காத்திருந்தாள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

அம்மா மாசாணியம்மாள் தறிக்குடோனில் வேலை செய்கிறவர். வீட்டில் அவர் மட்டும்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க டீச்சர் என்று சேரைத் துடைத்துப் போட்டார். நான் வந்த காரியத்தைக் கேட்கும் முன்பே அவரே சொன்னார். பதினாறாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் மகளுடைய போனைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மகள் ஒரே பாடத்தைப் பத்துத் தடவை பேசிப் பதிவு செய்து, அதில் நன்றாக வந்ததை மட்டும் எனக்கு அனுப்புவாளாம். மிச்சமெல்லாம் போனில் அப்படியே கிடந்ததாம். அனுப்பும் விதத்தை அவளே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“மூணு நாள் விட்டா மிஸ் தூக்கிருவாங்கன்னு அத்தனை பயந்துக்குவாளுங்க. அதான் தெனமும் ஒண்ணு அனுப்பிப்போடறேன். எனக்கு ஒரு எழுத்தும் புரியாதுங்க.”

பேய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாம் தீர்ந்து ஒன்றுதான் மிச்சம் என்றார் அவர். அது மட்டும் நான்கு நிமிடம் ஓடுகிறதாம். அன்றைக்குப் பேசினது.

“அதுல என்னங்க சொல்றா? நீங்க சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும்.”

போனை என் கையில் கொடுத்தார். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர் என்பதால் சத்தம் முழுதாக வைத்திருந்தது. ‘சாரி மிஸ். ஐ ஆம் லேட். ஐ ஆம் ஆன் தி ரோடு. யெஸ்டர்டே ஐ வென்ட்’ என்றாள் இளவேனில். நேற்று அவளுக்குச் சரியாக வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஹாரன். பிறகு ஒரு சத்தம். அதன் பிறகு யார் யாரோ ஓடிவந்து பேசுவதும் வண்டிகள் போவதும்தான், யாரோ போனை எடுத்து நிறுத்துகிறவரை.

மாசாணியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சுலபமாக வந்தது. நேற்று கோயிலுக்குப் போனாளாம், இன்று உடம்பு அலுப்பாக இருக்கிறதாம், நாளைக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கப்போகிறாளாம். மூன்று காலத்துக்கும் ஒவ்வொன்று, என் வகுப்பில் சொல்லித்தருகிற மாதிரியே.

நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

“சாரி, மிஸ்ஸு, லேட்டு, ரோடு. இதெல்லாம் எங்களுக்கும் தெரியுமுங்க டீச்சர். குடோனுக்குப் பத்து நிமிசம் பிந்திப் போனா நானும் சாரின்னுதானுங்க சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கோணும்னு கேட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் கையிலிருந்து வாங்கி, தினமும் செய்கிற மாதிரி நிதானமாக இரண்டு இடத்தில் தொட்டு அனுப்பினார். என் பையில் இருந்த போன் அடித்தது. குழுவில் இருந்த முப்பத்தேழு பேருடைய போனும் அந்நேரம் அடித்திருக்கும்.

ஐந்து நிமிடம் கழித்து நவ்யா என்கிற பெண் குழுவில் எழுதினாள். இரண்டு மாதத்தில் இளவேனில் குரலுக்கு யாராவது பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. ‘மிஸ், இது எப்ப பேசினது?’

மாசாணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். சொல்லுங்க, என்றார்.

சாகும்போது பேசினது, எனக்குப் பயந்து பேசினது என்று அடித்தேன். அடித்ததை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு அனுப்பினேன்.