சத்தம் கூடாது

பகலெல்லாம் பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு மாலையில் மேடையில் கழுதை ஓட்டவேண்டியிருந்தது. கழுதை என்றால் இரண்டு கொட்டாங்கச்சிகள்தான். கிறிஸ்துமஸுக்காகப் பல் டாக்டர் எழுதி இயக்கிய நகைச்சுவை நாடகத்தில் அவளுக்கு ஒலிக்காரி வேடம்.

கதை நடப்பது பழைய காலத்து வானொலி நிலையம் ஒன்றில். கிறிஸ்துமஸ் நாடகம் நேரடியாக ஒலிபரப்பாக வேண்டும். கொட்டுகிற மழையில் நடிகர்கள் ஒருவரும் வந்து சேரவில்லை. அறிவிப்பாளர் ஒருவரே மரியாளாகவும் யோசேப்பாகவும் சத்திரக்காரனாகவும் மூன்று ஞானிகளாகவும் பேசித் தொலைக்க வேண்டும். பக்கத்து மேசையில் ஒலிக்காரி தகரத்தை ஆட்டி இடி முழக்குவாள், கொட்டாங்கச்சியைத் தட்டிக் கழுதையை நடக்கவைப்பாள், பதற்றத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போடுவாள். அறிவிப்பாளராக நடித்தவர் மருந்துக்கடைக்காரர். ஒத்திகையில் அவர் தொண்டையைச் செருமினாலே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். அரங்குக்கு விளக்குப் போட்டதோடு நில்லாமல், மேடைக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டியும் செய்து மாட்டியிருந்தார். நாடகம் தொடங்கியதும் அதில் எழுத்துகள் சிவப்பாக எரியும்: ‘ஒலிபரப்பு நடக்கிறது. சத்தம் கூடாது.’

முன்வரிசையின் நடுவில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அரங்கில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மருமகள் மேடையேறுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. “பஸ் ஓட்டிட்டு வந்த அலுப்புல தகரத்தை வேற ஆட்டணுமா?” என்று அலுத்துக்கொள்கிறவர், அன்று ஒன்றும் சொல்லாமல் கிளம்பி வந்ததில் மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரை விலகியது. மருந்துக்கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மரியாளாகப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி யோசேப்பாகப் பதில் சொன்னார். அரங்கம் மூச்சுகூட விடவில்லை. கழுதை நடக்கவேண்டிய இடத்தில் ஒலிக்காரி உள்ளங்கையால் வாயை மூடித் திறந்து குழந்தைபோல வீறிட்டாள்.

“கழுதைக்குப் பால் குடிக்கிற நேரம் போலிருக்கு” என்றார் அறிவிப்பாளர்.

ஒத்திகையில் பல் டாக்டரையே நாற்காலியிலிருந்து கீழே தள்ளிய வசனம் அது. இப்போது பின்வரிசையில் யாரோ ஒருவர் ‘க்ளுக்’ என்று தொடங்கி, சட்டென்று விழுங்கிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்: “என்னம்மா இது, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க?”

“எனக்கும் ஒண்ணும் புரியலீங்க.”

பக்கத்திரை மறைவில் பல் டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அத்தை விரலை உதட்டில் வைத்திருந்தார். எங்காவது ஒரு நாற்காலி கிரீச்சிட்டால் போதும், மெல்லத் திரும்பி ஒரு பார்வை. அப்புறம் மேலே எரிகிற எழுத்தைக் கண்ணால் காட்டுவார். வார்டில் அந்தப் பார்வைக்குப் பயந்து பெரிய டாக்டர்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்களாம். பாவம், ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். குண்டு மனிதர் ஒருவர் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்திருந்தார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது கரைந்துபோயிற்று. மருமகளின் வேலைக்கு யாரும் இடைஞ்சல் செய்துவிடக் கூடாதென்று காவல் காக்கிற முகம் அது.

அந்தச் சிவப்பு எழுத்து விளக்கை அணைத்தாக வேண்டும். திரைக்குப் பின்னால் நின்ற கணவரிடம் மேலே கையைக் காட்டினாள். அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு மேடை வெளிச்சத்தைக் கூட்டினார். வேறு வழி தெரியாமல் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே துள்ளிக் குதித்தார்.

“ஐயா! ஒலிபரப்புக் கோபுரத்துல இடி விழுந்துடுச்சு! நாம பேசறது வெளிய ஒருத்தருக்கும் கேக்கல!”

நாடகத்திலேயே இல்லாத வசனம். அவர் கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு பொறி தட்டியது.

“எப்போலேருந்து கேக்கல?”

“மொதல்லேருந்தே போலிருக்கு.”

“அப்ப நான் இவ்ளோ நேரம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மரியாளா நின்னது?”

“எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. நான் வெளிய சொல்லமாட்டேங்க. இனிமே யாரு சத்தம் போட்டாலும் தப்பில்ல. அந்த விளக்குக்குத்தான் இன்னும் விஷயம் தெரியல!” கடைசி வாக்கியத்தைக் கணவரைப் பார்த்துக் கத்தினாள்.

விளக்கு அணைந்தது.

அத்தை அண்ணாந்து பார்த்தார். விரலை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கணம் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் அவரிடமிருந்து கிளம்பியது. அவர் அப்படிச் சிரித்து மருமகள் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் உத்தரவு என்பதுபோல அரங்கமே வெடித்தது. கைக்குட்டை மனிதர் அதைத் துப்பிவிட்டு நாற்காலியில் சரிந்தார். மேலும் வசனம் பேச வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஒலிபரப்பே நின்றுபோன நிலையத்தில் நாடகத்தை எப்படி நகர்த்துவது? மருந்துக்கடைக்காரர் தாள்களை மேசைமேல் வைத்தார்.

“யாரும் கேக்கலன்னா என்ன? குழந்தை பொறக்காம இருந்துடுமா? வாம்மா, மிச்சத்தையும் முடிச்சிடலாம்.”

கழுதை மெதுவாக நடந்தது. சத்திரத்தின் தாழ்ப்பாள் விலகியது. இந்தத் தடவை அவள் எதையும் மாற்றிப் போடவில்லை. குழந்தையின் முதல் அழுகை எழுந்தபோது அரங்கம் தானாகவே அடங்கியது. அப்புறம் மூன்று ஞானிகளும் ஒரே தொண்டையில் சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர, மறுபடி ஒரே கூச்சல்.

நாடகம் முடிந்ததும் அத்தை திரைக்குப் பின்னால் வந்தார். மகன் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் அப்பால் நகர்ந்தார்.

“விளக்கு பொய்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க நம்புவீங்கன்னு எங்களுக்கே தெரியாதே அத்தை.”

“நல்லா நம்பினேன் போ. பக்கத்துல இருந்த ஆளு இருமல் வந்து திணறினாரு. அவரையும் அடக்கிட்டேன்.” சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தகரம் கிழித்து ஒரு கீறல். “மருந்து போடணும். வீட்டுக்கு வா.”

பல் டாக்டர் பரபரவென்று ஓடிவந்தார். “அம்மா, நாளைக்கும் அதே இடத்துல உக்காருங்க. அதே மாதிரி விரலை வையுங்க. இதை நாடகத்துலயே சேர்த்துடறேன்.”

“அதெல்லாம் முடியாது டாக்டர்” என்றார் அத்தை. “நாளைக்கு நான் சிரிக்கணும்.”

சொன்னபடியே மறுநாளும் வந்தார். எல்லா வசனமும் தெரிந்துபோயிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி முன்னதாகவே சிரித்து முடித்தார்.