தொண்ணூற்றோராம் பக்கம்

மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நரேந்திரன் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசி முடித்தான். போர்க்கப்பல் பீரங்கிகளின் வரலாறு. எழுத்தும் படங்களும் நரேந்திரன் என்று அட்டையில் இருந்தது.

படங்கள் சரோஜாதேவியுடையவை. ரானுயியில் உள்ள தன் வீட்டுக் கராஜில் ஒன்பது வருடம் அவள் வரைந்தவை. அச்சுக்கு முன் பிரதியை அவளுக்கே அனுப்பி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னான். தன் பெயர் எங்கும் இல்லை என்று கண்டாள். கேட்கவில்லை. பிழைகளைத் திருத்தினாள். பதினைந்து அங்குலப் பீரங்கியில் குண்டு நுழைக்கும் பின்கதவுக்கு ஒரு படம் குறைகிறது என்றான். புதிதாக வரைந்து கொடுத்தாள்.

இப்போது கூட்டத்திலிருந்து கை தூக்கினாள்.

“கேளுங்கக்கா. ஈசியா கேளுங்க லா,” என்றான் நரேந்திரன்.

முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழும், அடுத்தது முன்னாலேயே விழும், இரண்டையும் வைத்துத்தான் மூன்றாவதற்குத் தூரம் குறிப்பார்கள் என்று சற்று முன் சொல்லியிருந்தான். அதுவும் அவள் சொல்லிக் கொடுத்தது.

“குழலைச் சுத்திக் கம்பி சுத்தினது ஏன்?”

“சுடும்போது குழல் பிளக்காம இருக்க.”

“சண்டையில தீத்தடுப்புக் கதவுகளை ஏன் திறந்து விட்டவை?”

“வேகமா சுடத்தான். நெருப்பு வெடிமருந்தறைக்கு இறங்கி கப்பலே போச்சு. அவசரம்க்கா.”

“தொண்ணூற்றோராம் பக்கம். பின்கதவில சின்னதா ஒரு கொண்டி. அது என்ன செய்யும்?”

அவன் பக்கத்தைப் பார்த்தான். “அதானே முக்கியம். சுடும்போது கதவு திறக்காம பிடிச்சுக்கும். அது இல்லன்னா ஆளே காலி.”

“ஓம்?” கைபேசியை முன்வரிசையில் கொடுத்தாள். “அது என்ர குளியலறைத் தாழ்ப்பாள். படம் இருக்கு. பாத்திட்டு அங்கால குடுங்கோ.”

கைபேசி வரிசை வரிசையாகப் போனது. ஒருவர் புத்தகத்தை அருகில் வைத்து ஒப்பிட்டார். மூன்று திருகாணிகள். நடுவில் உள்ளது வளைந்திருந்தது. புத்தகத்திலும் வளைந்திருந்தது.

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். பிறகு பலர்.

கார் நிறுத்துமிடத்துக்கு அவள் பின்னாலேயே நரேந்திரன் வந்தான்.

“பிரிண்டுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?”

“எழுத்துப்பிழை மட்டும்தானே பாக்கச் சொன்னனீர்.”

“இனி ஒரு படத்தையும் எவனும் நம்ப மாட்டான். அத்தனையும் நீங்க வரைஞ்சதுக்கா. ஒன்பது வருஷம்.”

சரோஜாதேவி கார்க் கதவில் கை வைத்தபடி நின்றாள். மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கேட்க யாரும் இல்லை.

“இதை நீர் உள்ளுக்க சொல்லியிருக்கலாம்,” என்றாள்.